ஒரு மணி நேரமாம், ஒரு மணி நேரம்!

சென்னையிலிருந்து கோவைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று இணையத்தில் தட்டிப் பாருங்கள். தூரம் சுமார் 400 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிஷம் என்று கூசாமல் சொல்லும். அதை நம்பித்தான் என் மனைவி, "நாங்க முன்னாடியே போறோம், நீங்க காலையில பிளைட்ல வந்துடுங்க" என்றாள். மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். பத்தரைக்கு முகூர்த்தம், ஏழரைக்கு விமானம். கணக்கு சரிதானே?

விடிகாலை நாலேமுக்காலுக்கே அம்பத்தூரில் கார் ஏறினேன். இரண்டு மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுவார்கள். என் பெட்டியில் இருந்தது பித்தளைக் குத்துவிளக்கு. அதைக் கையில் எடுத்துப்போனால் 7 கிலோ வரம்பு எங்கே தாங்கும்? வரிசையில் நின்று பெட்டியைப் போட்டு, பெல்ட்டைக் கழற்றி, மாட்டி, உள்ளே போய் உட்கார்ந்தால் பலகையில் ஏழரை எட்டாகியிருந்தது. அப்புறம் எட்டேகால். அப்புறம் எட்டே முக்கால். மொத்தமாகச் சொல்லித் தொலைத்தால் என்ன? தவணை முறையில் தாமதம்!

கடைசியில் 9.20-க்குத்தான் கிளம்பியது. தாமதம் ஒரு மணி ஐம்பது நிமிஷம். இந்த மாதிரி குறுகிய பயணத்துக்கு இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால்தான் சாப்பாடு, சிற்றுண்டி தரவேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதி. பத்து நிமிஷத்தில் என் இட்லி போச்சு. தற்செயல்தான் என்று நம்ப ஆசை!

அந்த ஒரு மணி பத்து நிமிஷமே என்ன கணக்கு தெரியுமா? மணிக்கு 800 கிலோமீட்டரில் பறந்தால் 400-ஐ அரை மணியில் கடந்துவிடலாம். மீதி நேரம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, மறுபடி ஊர்வது. கொஞ்சம் கூடுதலாகவும் போட்டு வைத்துக்கொள்கிறார்கள், கொஞ்சம் பிந்தினாலும் 'சரியான நேரம்' என்று சொல்லிக்கொள்ளலாமே. விமானத்துக்கு இத்தனை கரிசனம். விமானத்தில் ஏறுவதற்காக விடிகாலையிலிருந்து நாயாய் அலைந்தவனுடைய நேரத்தை எந்த இணையதளமும் எண்ணுவதில்லை. நான் என்ன ஓடுபாதையிலா குடியிருக்கிறேன்?

10.35-க்கு இறங்கினோம். குத்துவிளக்குப் பெட்டி பெல்ட்டில் வளைந்து வளைந்து வர இருபத்தைந்து நிமிஷம். விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்து கல்யாணம் நடந்த வடவள்ளி, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. அவினாசி சாலை, சிக்னல், மறுபடி சிக்னல். வாசலில் இறங்கும்போது மணி பன்னிரண்டு.

ஏழேகால் மணி நேரம்! முந்தின நாள் மதியம் கிளம்பும் வந்தே பாரத் 495 கிலோமீட்டரை 5 மணி 50 நிமிஷத்தில் ஓடுகிறது. குத்துவிளக்கை சீட்டுக்கு மேலே வைத்துவிட்டுத் தூங்கியிருக்கலாம். அரை நாள் விடுப்பு கேட்கச் சோம்பல்பட்டேன், அது என் புத்தி.

மாமனார் மாலையைக் கழற்றிவிட்டு இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருந்தார். என்னையும் பெட்டியையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங் மாப்பிள்ளை, பிளைட்ல ஒரு மணி நேரந்தானுங்களே?"