ஆறு வாரத்தில் முடிந்துவிடுவதில்லை

மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு 6 வாரத்தில் இயல்பாக நடக்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்ததும் அம்மா முகம்தான் கண்முன் வந்தது. நாங்கள் செங்கோட்டை. அம்மாவுக்கு முட்டியில் அந்த அறுவை செய்து 5 மாதம் ஆகியும் சாயங்காலமானால் முட்டி வீங்கிச் சூடாகிவிடும். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி?' என்று அழுவார். வீக்கமும் சூடும் சில மாதங்கள் இருக்கலாம், முழுதாகத் தேற ஒரு வருடம்கூட ஆகலாம் என்று முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். வலிக்குப் பயந்து மடக்காமல் விட்டதில் முட்டி இறுகிப்போனது. கேரளத்தில் புனலூர்ப் பக்கம் உழிச்சலுக்கு, அதாவது எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதற்கு, கூட்டிப்போகச் சிலர் சொன்னார்கள், நான் சம்மதிக்கவில்லை. அதற்குப் பதில் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நல்ல காலால் மற்றக் காலைப் பின்னுக்குத் தள்ளி மடக்குவார். அப்புறம் துண்டில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம். காய்ச்சலோ, தழும்பில் நீர்க்கசிவோ வந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். நேற்று பண்பொழி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தானே ஏறிவிட்டார்.