பத்துக் கோழிக்கு மேல் வேண்டாம்

யூடியூபைத் திறந்தால் யாராவது ஒருவர் கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, "பத்துக் கோழியில் ஆரம்பித்தேன், இப்போது மாதம் அறுபதாயிரம் வருகிறது" என்கிறார். அவர் குஞ்சு விற்கிறாரா, தீவனம் விற்கிறாரா, பயிற்சி வகுப்புக்கு ஆள் சேர்க்கிறாரா என்பது வீடியோவின் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் தெரியும். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணை மோசடி 2012-ல் வெடித்து, போட்ட பணத்தைக் கேட்டு ஜனங்கள் அலைந்ததெல்லாம் அதற்குள் மறந்துபோய்விட்டது. கொல்லையில் கோழி வளர்க்கிறவள் என்ற முறையில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பத்து உருப்படிக்குள் இருக்கும்வரை கோழி உங்களுக்குச் சோறு போடும். பத்தைத் தாண்டினால் நீங்கள்தான் அதற்குச் சோறு போட வேண்டும்.

வீடியோ கணக்கு இப்படிப் போகும். ஒரு கோழி ஓர் ஈட்டுக்கு, அதாவது தொடர்ந்து முட்டையிடும் ஒரு சுற்றுக்கு, 12 முட்டை வைக்கும், வருடத்துக்கு மூன்று நான்கு ஈடு. எல்லாவற்றையும் அடை வைத்தால் ஒரு தாய்க்கு 40 குஞ்சு, பத்துத் தாய்க்கு 400. கால்குலேட்டரில் தப்பே கிடையாது. ஆனால் கால்குலேட்டருக்குள் பருந்து வராது, கழிச்சல் நோய் வராது, பக்கத்து வீட்டு நாயும் வராது.

என் கணக்கைச் சொல்கிறேன். அடை வைக்காமல் முட்டையை எடுத்துக்கொண்டே வந்தால் நல்ல நாட்டுக்கோழி வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை வைக்கும். நாமக்கல் கூண்டுகளில் முட்டைக்கென்றே வளர்க்கும் வெள்ளை லெகான் இனக் கோழி 300-க்கு மேல் வைக்கும். அதோடு இதை ஒப்பிடுவதே அநியாயம். முட்டை 15 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், 80 முட்டைக்கு 1,200 ரூபாய். ஒரு கோழிக்கு நாளைக்கு 80 கிராம் தீவனம் என்றால் வருடத்துக்கு 29 கிலோ. கடைத் தீவனம் கிலோ 35 ரூபாய் என்று போட்டால் ஆயிரம் ரூபாய் அங்கேயே காலி. மிச்சம் இருநூறு ரூபாயில் கூண்டு, ஊசி, செத்துப்போனது, தொலைந்துபோனது எல்லாம் அடங்க வேண்டும். முழுத் தீனியையும் விலைக்கு வாங்கிப் போட்டால் நாட்டுக்கோழி முட்டையில் ஒன்றும் நிற்காது. கறிக்கு விற்றால் கொஞ்சம் நிற்கும், அதுவும் ஆடியிலும் தீபாவளிக்கும்.

ஆக, கொல்லைக் கோழியின் சூட்சுமம் ஓசித் தீனியில்தான் இருக்கிறது. பழைய சோறு, அரிசி களைந்த குருணை, கீரைத்தண்டு, அறுவடை முடிந்து தூற்றியபின் கிடக்கும் பதர், குப்பைக்குழியில் நெளியும் புழு. இது ஒரு வீட்டில் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவுதான் கோழி. எங்கள் வீட்டில் ஐந்தாறு பெட்டையும் ஒரு சேவலும் குஞ்சுகளும் தாராளமாகத் தின்னும். அதற்கு மேல் போனால் கொல்லையில் புல் பூண்டு இல்லாமல் சுரண்டிவிட்டு, அடுத்த வீட்டுக் கீரைப் பாத்திக்குப் போய்விடும். கோழியால் வந்த சண்டையில் பாதி இந்தப் பாத்தியில் ஆரம்பித்ததுதான். கோபத்தில் யாராவது அரிசியில் விஷத்தைக் கலந்து தூவிவிட்டால் ஒரே மத்தியானத்தில் கொல்லை காலி.

குஞ்சுகளுக்குக் கறையான் மாதிரி தீனி கிடையாது. எங்கள் பக்கம் அதற்கொரு வித்தை உண்டு. உடைந்த மண்சட்டியில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, மக்கிய தென்னை மட்டைத் துண்டு எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கறையான் நடமாடுகிற இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். விடிந்ததும் சட்டியைத் திருப்பினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக மொய்த்துக் கிடக்கும். சட்டி நகரும் சத்தத்துக்கே குஞ்சுகள் ஓடிவந்து நம் பாதத்தின் மேல் ஏறி நிற்கும். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போட்டால் குஞ்சு தளதளவென்று ஏறிவிடும். பைசா செலவில்லை. ஐநூறு குஞ்சுக்கு இதைச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி இழப்புக் கணக்கு. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபிறகு எங்கள் கொல்லை வெட்டவெளியாகிவிட்டது. மரம் போன துக்கம் ஒரு பக்கம். மேலே வட்டமிடுகிற பருந்துக்குக் கீழே இருப்பது அத்தனையும் தெரிய ஆரம்பித்தது இன்னொரு பக்கம். நிழலும் புதரும் இருந்தால் தாய் ஒரு குரல் கொடுத்ததும் குஞ்சுகள் பதுங்கிவிடும். வெட்டவெளியில் எங்கே பதுங்கும்? முருங்கையும் வாழையும் வளர்ந்தபிறகுதான் நிலைமை சரியானது. கரிச்சான் கூடு கட்டியிருக்கும் மரத்தைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். அந்தச் சின்னக் குருவி பருந்தை ஊர் எல்லைவரை கொத்திக்கொண்டே துரத்தும்.

கீரி வேறு ரகம். பருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடும், கீரி கூண்டுக்குள் நுழைந்தால் அகப்பட்டதையெல்லாம் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். கண்ணி வைக்கலாமா, மருந்து வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கீரி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற பிராணி, மாட்டிக்கொள்வீர்கள். அந்தக் காசில் கூண்டைச் சரியாகக் கட்டுங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கிய கூண்டு, அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை, இருட்டுவதற்குள் தாழ்ப்பாள். பெரிய கண் வலை மலிவு என்று வாங்கினால் எலியும் பாம்பும் நுழையும். பகலில் குஞ்சுகளைத் தாயோடு சேர்த்துப் பஞ்சாரத்தில், அதாவது பெரிய மூங்கில் கூடையில், கவிழ்த்து வைப்பதற்கு இன்றுவரை மாற்று வரவில்லை.

ஆனால் இவையெல்லாம் சில்லறை இழப்பு. மொத்தமாக வாரிக்கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல்தான். காலையில் ஒரு கோழி இறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் உறங்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்துவிட்டால் மருந்து கிடையாது. சின்ன வெங்காயமும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் சளிக்குக் கொடுக்கிறேன். ஆனால் கழிச்சலுக்கு அது எடுபடாது. ஊசி போடாத கோழிகளில் பெரும்பாலானவை ஒரு வாரத்தில் போய்விடும். வெயில் ஏறத் தொடங்குகிற மாசி பங்குனியில் ஊரில் தெருத்தெருவாக இதைப் பார்க்கலாம்.

தடுப்பதற்கு வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. குஞ்சு பொரித்த ஒரு வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இலவச முகாம் நடத்துகிறது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் தீனியோடு கொடுக்கும் குருணை மருந்தும் உருவாக்கியிருக்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், கடையில் சொட்டு மருந்துக் குப்பி 100 கோழிக்கு என்ற அளவில்தான் கிடைக்கிறது. ஐஸில் வைத்து எடுத்துவர வேண்டும், கலக்கினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். எட்டுக் குஞ்சு வைத்திருப்பவள் மிச்சத்தை என்ன செய்வாள்? அதனால்தான் பலர் வாங்குவதே இல்லை. எங்கள் தெருவில் இப்போது எல்லோரும் சேர்ந்து ஒரு குப்பி வாங்குகிறோம். ஒருத்தி ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு எடுத்துவருவாள், மற்றவர்கள் குஞ்சுகளைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், காப்பி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். தெருவே ஊசி போட்டால்தான் ஒரு வீட்டுக் கோழிக்கும் பாதுகாப்பு. என் கோழிக்கு மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. கழிச்சல் கண்டதும் மிச்சம் இருக்கிற கோழிகளை அவசர அவசரமாகச் சந்தைக்கு எடுத்துப்போய்ப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். செத்ததை வாய்க்காலில் வீசுகிறார்கள். நஷ்டத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள், புரிகிறது. ஆனால் அந்தக் கோழி போய்ச் சேருகிற வீட்டுக் கொல்லையும் இரண்டு வாரத்தில் துடைத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஒரு குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி, ஆழமாகப் புதைக்க எவ்வளவு நேரம் ஆகும்? சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்களும் புதுக்கோழியைப் பதினைந்து நாளாவது தனியாக அடைத்து வைத்துவிட்டுக் கூட்டத்தில் விட வேண்டும். இதைச் சொன்னால், "பெரிய பண்ணைக்காரி" என்று சிரிக்கிறார்கள்.

இவ்வளவு தொல்லைக்கும் ஏன் வளர்க்கிறோம் என்றால், அடைக்கு உட்கார்ந்த கோழியைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். ஈடு முடிந்ததும் அதன் குணமே மாறிவிடும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொர்கொர் என்று முனகும், கையை நீட்டினால் தோல் பிய்கிற மாதிரி கொத்தும். நாளைக்கு ஒரு தரம் இறங்கும். அவசரமாக நாலு கொத்துத் தீனி, ஒரு வாய் தண்ணீர், சாம்பலில் ஒரு புரளல், திரும்ப ஓடிப்போய் உட்கார்ந்துவிடும். 21 நாள். கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, ஓரத்தில் ஒரு கரித்துண்டும் இரும்புத் துண்டும் செருகுவது என் மாமியார் வழக்கம். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்குமாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சில் முட்டையைப் பிடித்துப் பார்ப்பேன். உயிர் பிடித்திருந்தால் உள்ளே சிவப்பு நரம்பு வலைபோல ஓடியிருக்கும். வெறும் மஞ்சளாகத் தெளிந்து கிடந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். இருபதாம் நாள் முட்டையைக் காதில் வைத்தால் உள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்கும். அதற்குத் தாய் அடிக்குரலில் பதில் சொல்லும். ஓடு உடைவதற்கு முன்பே இரண்டும் பேச ஆரம்பித்துவிடுகின்றன.

மாமியாரிடம் நான் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்வது ஒன்று உண்டு: ஐப்பசி கார்த்திகையில் அடை வைக்கக்கூடாது. அடைமழையில் குஞ்சு நனைந்தால் குளிரிலேயே போய்விடும். சித்திரை வெயிலும் ஆகாது, சேர்த்து வைக்கும்போதே முட்டை கெட்டுவிடும். தை, மாசிதான் காலம். முட்டையை ஒரு வாரம் பத்து நாளுக்கு மேல் சேர்த்து வைக்காமல் இருப்பதும் முக்கியம்.

பொரித்ததில் பாதி சேவலாக வரும் என்பதை யாரும் வீடியோவில் சொல்வதில்லை. ஐந்தாறு மாதத்தில் அவை ஒன்றையொன்று ரத்தம் வரக் கொத்திக்கொள்ளும், பெட்டைகளை நிம்மதியாக இருக்கவிடாது, விடியற்காலை மூன்று மணிக்கே போட்டி போட்டுக் கூவும். விற்க வேண்டும், இல்லாவிட்டால் அடிக்க வேண்டும். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஆடி மாதத்தில் நிறம் பார்த்துத் தேடி வருவார்கள், அப்போது நல்ல விலை. குழந்தைகள் பெயர் வைத்துக் கூப்பிட்ட சேவல் என்றால் அன்றைக்கு வீட்டில் ஒரே ரகளை. இதற்கு மனசு இடம் கொடுக்காதவர்கள் அடை வைக்காமல் முட்டையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நாட்டு முட்டையில் ஏதோ அமுதம் இருப்பதுபோலப் பேசுவதையும் கொஞ்சம் நிறுத்தலாம். ருசி வேறு, ஒத்துக்கொள்கிறேன். புல்லும் கீரையும் மேய்வதால் மஞ்சள் கரு நிறமாக இருக்கும். சத்துக் கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது. கடையில் பழுப்பு ஓட்டோடு பெரிது பெரிதாக ஒரே அளவில் இருப்பது நாட்டு முட்டையாக இருக்க வாய்ப்பு குறைவு. ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது. நம் கொல்லை முட்டை சின்னது, நாற்பது கிராம் இருந்தாலே அதிகம்.

சரி, இதில் யாருக்கு என்ன மிச்சம்? முட்டைக் காசு எங்கள் பக்கம் வீட்டுப் பெண்களின் சிறுவாடு, அவர்கள் சொந்தமாகச் சேர்த்து வைக்கிற பணம். என் மாமியார் அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிற பணத்துக்கு வீட்டு ஆண்கள் யாரும் கணக்குக் கேட்டதில்லை. பேரப்பிள்ளைக்கு நோட்டு, திடீர் விருந்தாளிக்குக் கறி, பக்கத்துத் தெருப் பிரசவத்துக்கு ஒரு கோழி, எல்லாம் அதிலிருந்துதான். கோழி பத்துக்குள் இருந்தவரை அது அவர்கள் ராஜ்யம். சில வீடுகளில் ஐம்பது, நூறு என்று பெருக்கியதும் கணக்கு நோட்டு ஆண்கள் கைக்குப் போனதையும், கூண்டு கூட்டுகிற வேலை மட்டும் பெண்களிடமே தங்கிவிட்டதையும் பார்த்திருக்கிறேன். நூறு கோழி வளர்ப்பது தப்பில்லை. ஆனால் அது பண்ணை. அதற்குக் கொட்டகை, கடன், காப்பீடு, ஆள் சம்பளம், சந்தை எல்லாம் வேண்டும். அதைக் கொல்லைக் கோழியின் அடுத்த படி என்று நினைப்பதில்தான் ஏமாற்றமே ஆரம்பிக்கிறது.

சித்தி மகன் ஒருத்தன் தாம்பரத்தில் இருக்கிறான். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து ஐநூறு குஞ்சு இறக்கப் போகிறானாம். "அக்கா, கடக்நாத் போடலாமா? கருங்கோழிக்குச் செம விலையாமே" என்று போன வாரம் போன் செய்தான். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கோழி அது, 2018-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது, நல்ல கோழிதான். நம் சந்தையில் அந்த விலைக்குத் தினமும் வாங்க ஆள் இருக்கிறதா என்று முதலில் விசாரி என்றேன். எதற்கும் முதலில் ஊசி போட்ட வெடக்கோழி, முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டை, நாலும் ஒரு சேவலும் வாங்கி, ஒரு வருடம் அம்மா வீட்டுக் கொல்லையில் விட்டுப் பார், மழையும் கழிச்சலும் ஒரு சுற்று வந்து போகட்டும் என்றேன்.

"நாலு கோழிக்கு எதுக்குக்கா வேலையை விடணும்?" என்றான்.

அதைத்தான் நானும் கேட்கிறேன்.