இருபது வரி, இருபதும் "லோடிங்..."

மறுபடியும் அதே "லோடிங்...". ஒண்ணு ரெண்டு இல்ல, எண்ணிப் பார்த்தா சரியா இருபது. ஆண்ட்ராய்டு விட்ஜெட்ல (ஹோம் ஸ்க்ரீன்ல வெக்கிற குட்டிப் பெட்டி) லிஸ்ட் வெச்சு அதுக்கு டேட்டா கொடுத்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம், இந்நேரம் பல்லைக் கடிச்சிருப்பீங்க.

லிஸ்ட் வரலைன்னு யாரும் தப்பா நினைச்சுடாதீங்க. லிஸ்ட் ஜம்முனு வந்திருக்கு. விரலால தள்ளினா அழகா வழுக்கிக்கிட்டு போகுது. மேல லோடிங், நடுவுல லோடிங், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அடி வரைக்கும் போனா அங்கேயும் லோடிங். எத்தனை வரின்னு சொல்ற கெட்கவுன்ட் மெத்தட் இருபதுன்னு சொன்னதை அப்படியே நம்பி இருபது நாற்காலி போட்டாச்சு. ஆளுதான் ஒருத்தரும் வரல.

சரி, ஒவ்வொண்ணா பார்ப்போம். ஆப்போட விவரத்தைச் சொல்ற மேனிஃபெஸ்ட்ல, லிஸ்ட்டுக்கு டேட்டா கொடுக்குற சர்வீஸுக்கு பைண்ட்-ரிமோட்வியூஸ் பர்மிஷன் இருக்கா? இருக்கு. வரிக்கான லேஅவுட்ல விட்ஜெட் ஏத்துக்காத கன்ஸ்ட்ரெயின்ட்லேஅவுட் ஏதாவது நுழைஞ்சிருச்சா? இல்ல, ஒரு லீனியர்லேஅவுட், உள்ள ரெண்டு டெக்ஸ்ட்வியூ, அவ்வளவுதான். டேட்டா கொடுக்குற கன்டென்ட் புரொவைடரை, ஹோம் ஸ்க்ரீனை ஓட்டுற லாஞ்சரோட அடையாளத்துல தட்டி செக்யூரிட்டி எக்ஸெப்ஷன் வாங்கியாச்சா? அதுவும் இல்ல, கிளியர்-காலிங்-ஐடென்டிட்டி போட்டுத்தான் இருக்கு. டேட்டாவைப் புதுப்பிக்கிற ஆன்டேட்டாசெட்சேஞ்ச்டு ஓடுது, டேட்டாபேஸ்ல இருந்து இருபதும் வருது. வரியைக் கட்டிக் கொடுக்குற கெட்வியூஅட்ல லாக் போட்டா பொசிஷன் 0, 1, 2ன்னு சமத்தா கூப்பிடப்படுது. டெக்ஸ்ட் வெச்சு, ரிமோட்வியூஸ் (லாஞ்சர் வரைய வேண்டிய வரியோட பொட்டலம்) கட்டி, திருப்பிக் கொடுத்தாச்சு. அதுக்கப்புறம் அதை யார் முழுங்கினது?

விட்ஜெட்டை எடுத்துட்டு மறுபடி வெச்சா லோடிங். ஆப்பை அழிச்சு மறுபடி போட்டா லோடிங். போனை அணைச்சு எழுப்பினா, தூங்கி எழுந்த தெளிவோட இருபது லோடிங்.

குற்றவாளி கெட்வியூடைப்கவுன்ட், அதாவது லிஸ்ட்ல எத்தனை வகை வரி (லேஅவுட்) இருக்குன்னு சொல்ற மெத்தட். வரிகளைத் தயாரிக்கிற ரிமோட்வியூஸ்ஃபேக்டரியை ஜாவால இம்ப்ளிமென்ட் பண்ணச் சொன்னா எடிட்டர் எல்லா மெத்தடையும் தானே நிரப்பிக் கொடுக்கும், எண் கேட்குற இடத்துல எல்லாம் ரிட்டர்ன் ஜீரோ. கெட்கவுன்ட்ல ஜீரோ இருந்தா லிஸ்ட் காலியா நிக்கும், உடனே கண்ணுல படும், மாத்திடுவோம். இந்தப் பாவி மெத்தட் மட்டும் கடைசியில ஒரு மூலையில பூனை மாதிரி உட்கார்ந்திருக்கும். கோட்லின்ல எழுதினா அந்த இடத்துல "இன்னும் எழுதல"ன்னு ஒரு டூடூ விழும், ஓடினதும் கிராஷ் ஆகித் தொலையும். அந்த மரியாதை ஜாவால கிடையாது.

இதுல உச்சகட்டம் என்னன்னா, பிழைச்செய்தி இருக்கு! சொன்ன வகையை விட அதிக வகை வியூ வருதுன்னு தெள்ளத் தெளிவா லாக்ல எழுதுது. ஆனா எங்க? லாஞ்சரோட புராசஸ்ல. ஃபேக்டரி ஓடுறது நம்ம ஆப்ல, வரையறது லாஞ்சர்ல, நடுவுல ரெண்டையும் இணைக்கிற பைண்டர். நாம அனுப்பின வரியை லாஞ்சர் பார்க்குது, "ஜீரோ வகைன்னு சொன்னியே, இது ஒரு வகையாச்சே"ன்னு ஓரங்கட்டிட்டு லோடிங்கை அப்படியே விட்டுடுது. நாம லாக் பார்க்குற லாக்கேட்ல நம்ம பேக்கேஜ் பேரை ஃபில்டர் போட்டு நியாயஸ்தன் மாதிரி உட்கார்ந்திருக்கோம். நம்ம வீட்டுல தீப்பிடிச்சதைப் பக்கத்து வீட்டு டைரியில எழுதி வெச்சிருக்காங்க.

ஏன் சாமி, வரி இருபது, வகை ஜீரோன்னு ஒரு லிஸ்ட் இந்த உலகத்துல எங்கேயாவது உண்டா? ஜீரோவைப் பார்த்ததுமே எக்ஸெப்ஷனைத் தூக்கி மூஞ்சியில அடிக்க வேண்டாமா?

மருந்து ஒத்தை எழுத்து: ரிட்டர்ன் 1. தலைப்பு வரிக்கு ஒரு லேஅவுட், சாதா வரிக்கு இன்னொண்ணுன்னா 2. அங்க 1ன்னு விட்டா முதல்ல வந்த வகை மட்டும் ஜொலிக்கும், மத்தது லோடிங்லயே கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு ராத்திரி.

லிஸ்ட் விட்ஜெட் வந்தது ஆண்ட்ராய்டு 3.0ல, 2011. 2021ல ஆண்ட்ராய்டு 12 வந்தப்போ ரிமோட்கலெக்‌ஷன்ஐட்டம்ஸ்னு ஒண்ணு கொடுத்தாங்க. சர்வீஸ் வேண்டாம், ஃபேக்டரி வேண்டாம், பில்டர்ல ஐட்டத்தைச் சேர்த்துக்கிட்டே போகலாம். வகை எத்தனைன்னு நாம சொல்லலைன்னா வேற வேற லேஅவுட்டை அதுவே எண்ணிக்குமாம். அதுவே எண்ணிக்கும்! பத்து வருஷமா எங்களை எண்ண விட்டு வேடிக்கை பார்த்தீங்களா? இதுலயும் எல்லா வரியையும் மொத்தமா மூட்டை கட்டி அனுப்பணும், வரிக்கு ஒரு பெரிய பிட்மேப் வெச்சா மூட்டை கிழியும். அதனால நீளமான லிஸ்ட்டுக்குப் பழைய ஃபேக்டரியோடதான் குடித்தனம்.

லோடிங் ஒழிஞ்சதும் நிம்மதின்னு நினைச்சா, ரெண்டாவது விட்ஜெட்ல முதல் விட்ஜெட்டோட லிஸ்ட் வரும். சர்வீஸைக் கூப்பிடுற இன்டென்ட்ல விட்ஜெட் ஐடியை எக்ஸ்ட்ராவா மட்டும் வெச்சா அப்படித்தான், ஒப்பிடும்போது எக்ஸ்ட்ராவை யாரும் மதிக்கிறதில்ல. இன்டென்ட்டையே டூயூரைல ஒரு முகவரியா (யூஆர்ஐ) மாத்தி அதோட டேட்டாவா செட் பண்ணணும். அப்புறம் எந்த வரியைத் தொட்டாலும் ஒரே பக்கம் திறக்கும், ஏன்னா தொட்டா என்ன திறக்கணும்னு சொல்ற பென்டிங்இன்டென்ட் டெம்ப்ளேட்டை நல்ல பிள்ளையா இம்மியூட்டபிள்னு (மாத்த முடியாதது) போட்டிருப்போம். வரிக்கு வரி நிரப்பின ஃபில்-இன் எல்லாம் சத்தமில்லாம குப்பைக்குப் போகும். இங்க மட்டும் மியூட்டபிள், அதுவும் எதைத் திறக்கணும்னு பேர் சொல்ற எக்ஸ்ப்ளிசிட் இன்டென்ட்டோட. எங்கேயும் ஒரு எச்சரிக்கை? மூச்!

சரி, எல்லாம் ஓடிருச்சு, இருபது வரியும் தெரியுது. ஆனா ஒரு விட்ஜெட்டை இருபது தடவை எடுத்து இருபது தடவை வெச்சா, ஒவ்வொரு தடவையும் லாஞ்சர் வழியில இருக்குற ஐகானை எல்லாம் ஏன் பிடிச்சுத் தள்ளணும்? கேமராவைத் தேடினா மூணாவது பக்கத்துல கால்குலேட்டருக்குக் கீழ கிடக்கு. அதை யாருய்யா அங்க கொண்டுபோய் வெச்சது?