சின்ன மீனை விட்டால் மட்டும் களவா பிழைக்காது

"குட்டி மீனைக் கடலில் விட்டுவிடு, பெருத்ததை எடுத்துக்கொள்." மீன்வளம் பற்றிப் பேச்சு எடுத்தாலே முதலில் வரும் அறிவுரை இதுதான். பல மீன்களுக்கு இது சரியாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'குரூப்பர்' எனப்படும் களவா மீனுக்கு இதை மட்டும் நம்பியிருப்பது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

களவா இனங்களில் பெரும்பாலானவை பெண்ணாகத்தான் பருவமடைகின்றன. சில வருடங்கள் முட்டையிட்டு உடல் பெருத்த பிறகு அவற்றில் ஒரு பகுதி ஆணாக மாறுகிறது. அப்படி மாறிய மீனின் விந்தகத்தை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவில் ஒரு வெற்றிடம் தெரியும். அதே உறுப்பு சூலகமாக இருந்தபோது முதிர்ந்த முட்டைகள் வந்து சேர்ந்த அறை அது. இப்போது அதற்கு வேலை இல்லை. விந்து வெளியேறும் வழி ஓரத்துச் சுவரில் தனியாக உருவாகியிருக்கும். சில மீன்களில் சிதைந்துபோன பழைய முட்டைகளின் மிச்சமும் அங்கங்கே ஒட்டியிருக்கும். தாயாக வாழ்ந்த காலத்தின் தடம் தகப்பனின் உடலுக்குள் அப்படியே இருக்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சரி, இப்போது அந்த அறிவுரைக்கு வருவோம். பெருத்த மீனாகத் தேடித் தேடிப் பிடித்தால் யார் காலியாவார்கள்? ஆண்கள்தான். மெக்சிகோ வளைகுடாவில் 'காக்' என்று அழைக்கப்படும் களவாவுக்கு இதுதான் நடந்தது. 1970-களில் அங்கே ஆண்கள் சுமார் 17 சதவீதம் இருந்தன. 1990-களில் அது 2 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. முட்டையிட்டு முடித்த பெண்கள் ஆழம் குறைந்த பக்கம் திரும்பிவிடுகின்றன. ஆண்களோ ஆழத்துப் பாறைகளை விட்டு வருடம் முழுக்க நகர்வதில்லை. அதனால் தூண்டிலுக்கு அவை எப்போதுமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பெண் மாறி ஆணாவதற்குள் அடுத்த படகு வந்துவிடுகிறது.

சின்ன மீனை விடுகிறோமே, அந்த மீனாவது பிழைக்கிறதா? எழுபது, எண்பது மீட்டர் ஆழத்திலிருந்து ஏறிவரும் களவாவை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கண்கள் பிதுங்கி நிற்கும். இரைப்பை பலூன்போல வாய் வழியே வெளியே தள்ளியிருக்கும். மேலே வர வர நீரழுத்தம் குறைந்து, காற்றுப்பை வீங்கி, உள்ளுறுப்புகளை நெட்டித் தள்ளியதால் வந்த நிலை. அளவு பத்தவில்லை என்று அதைத் தூக்கிப் போட்டால் கீழே இறங்க முடியாமல் வயிறு மேலாக மிதக்கும். எடை கட்டிய கருவியில் மாட்டி ஆழத்துக்கே இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. அந்தச் சின்னக் கருவியை ஒவ்வொரு படகிலும் வைப்பது கட்டாயமாக வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது கூடுகைதான். பல களவா இனங்கள் வருடத்தில் சில வாரங்கள், குறிப்பிட்ட நிலவு நாட்களில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஆயிரக்கணக்கில் கூடி முட்டையிடுகின்றன. கரீபியன் கடலின் நசாவு களவா குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டிக் கூடும். பொழுது சாயும் நேரத்தில் ஒரு பெண் மேல்நோக்கிப் பாய, பின்னாலேயே ஆண்கள் துரத்திப் போக, நொடியில் தண்ணீர் பால்போல வெளுத்துவிடும். (இந்த இனம் பெரும்பாலும் பால் மாறுவதில்லை. ஆனாலும் அழிவின் விளிம்புக்குப் போனது, கூடும் இடத்திலேயே பிடித்ததால்.) கூட்டத்தின் மேல் தூண்டில் போட்டால் மீன்பாடு குறையவே குறையாது. சுற்றுப்புறம் முழுக்கக் காலியான பிறகும் அந்த ஓரிடத்தில் மட்டும் மீன் நிறைய இருப்பதாகத் தோன்றும். பிறகு ஏதோ ஒரு வருடம் ஒரு மீன்கூட அங்கே வராது.

கரீபியன் கடலின் கேமன் தீவுகளில் ஒன்றான லிட்டில் கேமனின் மேற்கு முனையில் நசாவு களவாவின் இப்படி ஒரு கூடுகை 2001-இல் தெரியவந்தது. சுமார் 7,000 மீன்கள். இரண்டே பருவத்தில் ஏறக்குறைய 4,000 பிடிபட்டுவிட்டன. 2003-இல் கூடும் இடங்களில் மீன்பிடிக்கத் தடை வந்தது. அடுத்த பதினைந்து வருடங்களுக்குள் எண்ணிக்கை மூன்று மடங்குக்கும் மேல் ஏறியது. இப்போது அங்கே டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பிடிக்கவே கூடாது. மற்ற மாதங்களிலும் 16 அங்குலத்துக்குக் கீழே உள்ளதையும் 24 அங்குலத்துக்கு மேலே உள்ளதையும் எடுக்கக் கூடாது. நான் கேட்பது இந்த மேல் எல்லையைத்தான்.

அதே கரீபியனில் செயின்ட் தாமஸ் தீவுக்குப் பக்கத்தில், பால் மாறும் செம்புள்ளிக் களவா கூடும் கடலடித் திட்டை 1990-இல் பருவகாலத்துக்கு மட்டும் மூடினார்கள். 1988-இல் ஓர் ஆணுக்குப் பதினைந்து பெண்கள் என்று இருந்தது, 1997-இல் நான்கு பெண்கள் என்று திரும்பியது. 1999-இல் நிரந்தரமாகவே மூடிவிட்டார்கள்.

இதையெல்லாம் மீனவர்களுக்கு எதிராக எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பாறையில், எந்த நிலவில் களவா சேரும் என்பது முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். தடைநாட்களை அவர்களோடு உட்கார்ந்து குறிக்க வேண்டும். அந்த நாட்களுக்கான உதவித்தொகை பருவம் தொடங்கும் முன்பே அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.