லாரி ஓட்டியவரும் படைவீரர்தான்

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்த இரங்கல் கூட்டத்தில் என்ன நடந்தது என்பது நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மாமாவின் படத்தை நூலகத்தில் மாட்டலாம் என்று பேச்சு எழுந்ததும், "சண்டையில சுட்டாரா என்ன? லாரிதானே வே ஓட்டுனாரு?" என்று ஒரு குரல் கேட்டது, சிலர் சிரிக்கவும் செய்தார்கள். துக்கம் நடந்த இடம் என்பதால் அன்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆம், லாரிதான் ஓட்டினார். படைக்கு உணவும் எரிபொருளும் கொண்டு சேர்க்கும் ராணுவத்தின் ஏ.எஸ்.சி. பிரிவில், ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் சாலையில், 11,500 அடி உயரத்தில் இருக்கும் சோஜிலா கணவாயைக் கடந்து ஓட்டினார். பனிக்காலத்தில் அந்தக் கணவாய் மூடிவிடும் என்பதால், மலைமேல் நிற்கும் படைக்குக் குளிர்காலம் முழுவதற்குமான அரிசியும் மண்ணெண்ணெயும் கோடையிலேயே போய்ச் சேர்ந்தாக வேண்டும். 1999 கார்கில் போரில் எதிரி தோலோலிங் உச்சியில் இருந்துகொண்டு குண்டு வீசியது அந்தச் சாலையின் மீதுதான், அதில் போன வண்டிகளின் மீதுதான். அதனால் முகப்பு விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பாதாளமுமாக, இரவில் ஓட்டினார்கள். ஜூன் 13 அன்று தோலோலிங்கை மீட்டவர்களின் துப்பாக்கியில் இருந்த தோட்டாவும் வயிற்றில் இருந்த சோறும் மாமாவைப் போன்றவர்கள் ஏற்றிப் போனவை.

அந்தக் கோடையில் மாமாவிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோனது. அதற்கு முன் வந்தவற்றிலும் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரிதான் இருக்கும், எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. தபால்காரர் வரும் நேரத்துக்கு ஆச்சி தார்சாவில் வந்து உட்கார்ந்துவிடுவாள். பழைய இன்லாண்டு கடிதத்தையே என்னை மறுபடியும் வாசிக்கச் சொல்வாள். அம்மாவுக்கு மருந்து வாங்கு, பிள்ளைக்குப் பீஸ் கட்டு, உரத்துக்குத் தனியாகப் பணம் அனுப்பியிருக்கிறேன் என்று இருக்கும். அவர் படும் பாட்டைப் பற்றி ஒரு வரி இருக்காது.

சுட்டவரும் ஓட்டியவரும் ஒன்றா என்று கேட்பீர்கள். உயிரைக் கொடுத்தவர்களின் இடத்தை யாரும் கேட்கவில்லை. சம்பளத்துக்குத்தானே போனார் என்பீர்கள். ஆமாம், சம்பளத்துக்குத்தான் போனார். அந்தச் சம்பளம் மணியார்டராக வந்துதான் தங்கையின் கல்யாணம் நடந்தது. அந்தத் தங்கை என் அம்மா.

ஓய்வு பெற்று வந்தபின் பள்ளி வேன் ஓட்டினார். சாவியைத் தொடுமுன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பார், நான்கு டயர்களையும் கையால் தட்டிப் பார்ப்பார். மாலையில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குள் நுழைந்த பிறகே வண்டியை நகர்த்துவார். அன்று சிரித்தவர்களின் பிள்ளைகளும் அந்த வேனில் போய் வந்தவர்கள்தான். ஆச்சி பக்கவாதத்தில் படுத்தபோது, வீட்டில் பெண்கள் இருந்தும், தானே வெந்நீர் வைத்து உடம்பு துடைத்துக் கஞ்சி ஊட்டிய மகன் அவர். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அவர் வீரர்தான் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அத்தை அந்தக் கூட்டத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். வயலையும் பிள்ளைகளையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டு, போர்ச் செய்தி வந்தாலே சோறு இறங்காமல் இருந்தவர். அவர் காதில் விழும்படிதான் நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு விளக்கம் எழுத வேண்டாம். படத்தை மாட்டாவிட்டாலும் போகட்டும். அத்தை வீட்டுக்குப் போய், தப்பாகப் பேசிவிட்டோம் என்று அவரிடம் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.