ரீமேக்காம், ரீமேக்!

பழைய குங்ஃபூ படத்தை மறுபடி எடுக்கறேன்னு யாராவது கிளம்பினாலே வயிறு எரியுது. சத்துவாச்சாரி அக்கா வீட்டுக்குப் போனா, அவ பையன் புதுசு ஒண்ணைப் போட்டு, "மாமா, பழசைவிட இதான் செம"ங்கறான். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கட்! கை கிளம்பறது தெரியுது, அடி விழறது தெரியல.

1978ல வந்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' பாருங்கய்யா. ஹீரோ கார்டன் லியூ பயிற்சிக்காக ரெண்டு கையையும் நீட்டித் தண்ணி வாளி சுமக்கறார். கை தளர்ந்தா விலாவுல குத்தற மாதிரி புஜத்துல கத்தி கட்டியிருக்கும். பார்க்கற நமக்கே தோள் வலிக்கும்.

ப்ரூஸ் லீயோட 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி'யை 1994ல ஜெட் லீயை வெச்சு எடுத்தாங்களே, அது நின்னுச்சு. அவர் நிஜமாவே வூஷுங்கற சீனத் தற்காப்புக் கலையில சாம்பியன். அப்படி ஆள் இருந்தா எடுங்க. இல்லன்னா பழைய பிரிண்டையே சுத்தம் பண்ணி வேலூர்ல ரிலீஸ் பண்ணுங்க, குடும்பத்தோட வரேன்.