பழைய கேனான் இஓஎஸ் எம் இன்னும் நல்ல தேர்வு

குறைந்த பட்ஜெட்டில் எச்டி வீடியோ எடுக்கப் புதிய கேம்கார்டரே நல்லது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. குறும்படம் எடுக்க விரும்புகிறவர்கள் 2012-இல் வந்த, லென்ஸ் மாற்றக்கூடிய சிறிய கேமராவான கேனான் இஓஎஸ் எம் பழையது கிடைக்கிறதா என்று பாருங்கள். மலிவான கேம்கார்டர்களில் ஒளியைப் படமாக்கும் சென்சார் மிகச் சிறியது, இதில் ஏபிஎஸ்-சி என்ற பெரிய அளவு. மங்கிய வெளிச்சத்திலும் படம் தாங்கும். மைக் செருக 3.5 மிமீ துளையும் உண்டு. ஹெட்போன் துளை இல்லை என்பது பெரிய குறைதான், ஒலியைத் தனி ரெக்கார்டரில் பதிவது நல்லது.

இதன் அருமையே லென்ஸ் பொருத்தும் இடத்தில் இருக்கிறது. லென்ஸ் மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடைவெளி வெறும் 18 மிமீ. எம்42 என்ற திருகு மவுண்ட் கொண்ட பழைய லென்ஸ்களுக்கு 45.46 மிமீ வேண்டும். மீதியை ஒரு வெற்று உலோக வளையம் நிரப்பிவிடும். நடுவில் கூடுதல் கண்ணாடி வில்லை தேவையில்லை, தரமும் குறையாது. சோவியத் கால ஹீலியோஸ் 44, 58 மிமீ லென்ஸ் இதில், முழு ஃபிரேம் கேமராவில் சுமார் 93 மிமீ லென்ஸ் காட்டுவது போலத் தெரியும். முகங்களுக்கு அவ்வளவு அழகு! இப்படிப்பட்ட லென்ஸைக் கேமரா அடையாளம் காணாது, அதனால் மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம்' என்பதை மட்டும் ஆன் செய்ய மறக்காதீர்கள்.

ஃபோகஸ் கையால்தான். அதற்கு மேஜிக் லான்டர்ன் என்ற இலவச மென்பொருள், ஃபோகஸில் இருக்கும் விளிம்புகளை வண்ணமிட்டுக் காட்டும். அது கேனான் தருவது அல்ல, பொறுப்பு நம்முடையது. அப்புறம், வெயிலில் எடுப்பதானால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் கட்டாயம். நம் ஊர் டியூப்லைட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரிவதால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி வைத்தால் மினுக்கல் வராது.